அடிக்குப் பேர் வைக்காத சட்டம்: சித்திரவதை உடன்படிக்கையும் நம்ம ஏரியா ஸ்டேஷனும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். நீளத்தை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

போன எபிசோடில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பற்றிப் பேசினோம். 1998-ல் ரோம் நகரில் அந்தச் சாசனம் ஓட்டெடுப்புக்கு வந்தப்ப இந்தியா ஓட்டுப் போடாமல் ஒதுங்கிச்சு, இன்னிக்கு வரைக்கும் அதில் கையெழுத்தும் போடல என்று சொல்லியிருந்தேன். அதைக் கேட்டுட்டு திருவொற்றியூரில் இருந்து ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. "அண்ணா, சேராத ஒப்பந்தத்தை விடுங்க. கையெழுத்துப் போட்டதையாச்சும் ஒழுங்கா நடைமுறைப்படுத்துறாங்களா?"

நல்ல கேள்வி. பதில் சொல்ல ஹேக் நகரம் வரைக்கும் போக வேண்டாம். ராயபுரம், தண்டையார்பேட்டை, எண்ணூர் பக்கம் இருக்கிற எந்த போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்னும் பேசலாம். ஏன்னா இன்னிக்கு நாம பேசப்போறது ஐ.நா.வின் சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கை.

வெளியே நிற்கிற கப்பல்

முதலில் தேதிகள். இந்த உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை 1984 டிசம்பர் 10 அன்று ஏற்றுக்கிச்சு. 1987 ஜூன் 26-ல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1997 அக்டோபர் 14 அன்று கையெழுத்துப் போட்டது. இன்னும் ஏற்புறுதி கொடுக்கல. அதாவது ரேட்டிஃபை பண்ணல. 170-க்கும் மேற்பட்ட நாடுகள் பண்ணிட்டாங்க. பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம், இலங்கை எல்லாமே அந்தப் பட்டியலில் இருக்கு.

கையெழுத்துக்கும் ஏற்புறுதிக்கும் என்ன வித்தியாசம்? காசிமேட்டுக் கரையில் நின்னு பார்த்தீங்கன்னா தூரத்தில் கப்பல்கள் நங்கூரம் போட்டு வரிசையா நிற்கும். சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பல்தான், ஆனா இன்னும் உள்ளே வரல. கையெழுத்து அந்த மாதிரி. "நான் இந்தப் பக்கம் வர்றேன்" என்று சொல்றது. ஏற்புறுதி என்பது கப்பல் உள்ளே வந்து பெர்த்தில் கட்டுறது. அதோடு முடியுதா? இல்ல. சரக்கை இறக்கணும். நம்ம நாட்டில் ஒரு சர்வதேச ஒப்பந்தம் தானாகவே சட்டம் ஆகிடாது. நாடாளுமன்றம் தனியா ஒரு சட்டம் போட்டால்தான் அதை வைத்து ஒருத்தரைக் கோர்ட்டில் நிறுத்தித் தண்டிக்க முடியும். அந்தச் சட்டம்தான் சரக்கு.

நம்ம சித்திரவதைக் கப்பல் 1997-ல் இருந்து வெளியிலேயே நிற்குது.

மாவுக்கட்டு என்கிற அளவுகோல்

"அடிச்சா தப்புன்னு ஏற்கெனவே சட்டம் இருக்கே, புதுசா எதுக்கு?" அரசும் பல தடவை சொன்ன வாதம் இது. இதை நாம மரியாதையா எடுத்துக்கிட்டுப் பார்க்கணும்.

சட்டம் இருக்கு, உண்மை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 120-ஆவது பிரிவு, பழைய ஐபிசியில் 330, 331. வாக்குமூலம் வாங்குறதுக்காகக் காயப்படுத்தினா 7 வருஷம் வரைக்கும், கொடுங்காயம் என்றால் 10 வருஷம் வரைக்கும் தண்டனை. ஆனா இந்தச் சட்டம் எதை அளக்குதுன்னு கவனிங்க. உடம்பில் ஏற்பட்ட காயத்தை அளக்குது. எலும்பு முறிஞ்சுதா, பல் போச்சா, கண் போச்சா என்று கணக்குப் போடுது.

நம்ம ஊரில் இந்த எலும்புக்கு ஒரு தனிக் கதை இருக்கு. ஒருத்தரைக் கைது பண்ணுவாங்க. மறுநாள் கையிலோ காலிலோ மாவுக்கட்டோட போட்டோ வரும். "தப்பிக்கும்போது விழுந்தார்", இல்லன்னா "பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்". மீம் போட்டுச் சிரிக்கிற அளவுக்கு இது பழகிப்போச்சு. 2025-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகளே, ஸ்டேஷன் பாத்ரூமில் கைதிகள் மட்டும்தான் வழுக்கி விழுவாங்களா என்கிற தொனியில் கேட்டாங்க.

ஐ.நா. உடன்படிக்கையின் முதல் பிரிவு வேற மாதிரி அளக்குது. மூணு கேள்வி கேட்குது. கடுமையான வலியோ வேதனையோ வேண்டும் என்றே கொடுக்கப்பட்டதா? அது உடம்பு வேதனையாவும் இருக்கலாம், மன வேதனையாவும் இருக்கலாம். எதுக்காகக் கொடுத்தாங்க: தகவலுக்கா, வாக்குமூலத்துக்கா, தண்டிக்கவா, மிரட்டவா, பாகுபாட்டாலா? கொடுத்தது அரசு ஊழியரா, இல்ல அவர் சொல்லியோ சம்மதிச்சோ கண்டுக்காம விட்டோ வேற யாராவது செய்தாங்களா?

ரெண்டு நாள் தூங்கவிடாம உட்கார வெச்சா எலும்பு உடையாது. உங்க கண் முன்னாடி அம்மாவை மிரட்டினா மாவுக்கட்டு வராது. நம்ம சட்டம் இதையெல்லாம் சில்லறைப் பிரிவுகளில் தேடணும். உடன்படிக்கை இதுக்கு ஒரே பேர் வைக்குது: சித்திரவதை. அதோட, போர், அவசரநிலை, மேலதிகாரியின் உத்தரவு என்று எந்தச் சாக்கும் செல்லாது என்று இரண்டாவது பிரிவில் எழுதி வெச்சிருக்கு.

அவசரநிலை என்றதும் ஒண்ணு ஞாபகம் வரணும். 1976-ல் சென்னை சென்ட்ரல் பக்கத்தில் இருந்த மத்திய சிறையில் மிசா கைதிகள் அடிக்கப்பட்டாங்க. அடிபட்டவர்களில் முன்னாள் மேயர் சிட்டிபாபுவும் மு.க. ஸ்டாலினும் இருந்தாங்க. சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். நீதிபதி இஸ்மாயில் தலைமையில் விசாரணை கமிஷன் போட்டாங்க. முன்னாள் மேயருக்கே ஒரு கமிஷன் தேவைப்பட்டது என்றால், கொருக்குப்பேட்டையில் மூட்டை தூக்குற ஒருத்தருக்கு என்ன கிடைக்கும்?

சத்தம் கேட்டால்தான் விசாரணை

2022 ஏப்ரலில் தலைமைச் செயலகக் காலனி ஸ்டேஷனில் ஒரு இளைஞர் இறந்தார். வழக்கு சிபிசிஐடிக்குப் போய், கொலை வழக்காகி, போலீஸார் கைதானாங்க. ரெண்டே மாசத்தில், ஜூனில், நம்ம கொடுங்கையூர் ஸ்டேஷனில் விசாரணைக்குக் கொண்டுபோன இன்னொருத்தர் இறந்தார். ஐந்து போலீஸார் சஸ்பெண்ட் ஆனாங்க. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் ஒரு கோயில் காவலாளி. அது சிபிஐக்குப் போச்சு.

இந்த மூணு பேரும் வெளியே தெரிஞ்சவங்க. தேசிய மனித உரிமை ஆணையத்தின் கணக்கை வைத்து உள்துறை நாடாளுமன்றத்தில் சொன்னபடி, 2017 ஏப்ரலில் இருந்து 2022 மார்ச் வரை ஐந்து வருஷத்தில் போலீஸ் காவலில் பதிவான மரணங்கள் 669. இது செத்தவங்க எண்ணிக்கை மட்டும். அடிபட்டு உயிரோட வீட்டுக்கு வந்தவங்களுக்குக் கணக்கே கிடையாது, ஏன்னா அந்தக் குற்றத்துக்கு ஒரு தலைப்பே நம்ம சட்டத்தில் இல்ல.

சாத்தான்குளத்தை எடுத்துக்கோங்க. 2020 ஜூன் 19 அன்று தந்தையும் மகனும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப்பட்டாங்க. நீதிமன்றக் காவலில் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பினாங்க. நாலு நாளுக்குள்ள ரெண்டு பேரும் இறந்தாங்க. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்து, ஒரு மாஜிஸ்திரேட்டை ஸ்டேஷனுக்கே அனுப்பிச்சு. சிசிடிவி பதிவு தினமும் தானா அழியிற மாதிரி செட் பண்ணியிருந்ததை அவர் அறிக்கையில் எழுதினார். ஒரு பெண் தலைமைக் காவலர் துணிஞ்சு சாட்சி சொன்னாங்க. அதுக்கு அப்புறம்தான் கொலை வழக்கு.

இதில் எத்தனை "தற்செயல்" இருக்குன்னு பாருங்க. நீதிபதிகள் தானா முன்வரணும். ஒரு காவலர் துணியணும். ஊரே கடை அடைக்கணும். உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு கேட்கிறது இதைத்தான்: சித்திரவதை நடந்திருக்கலாம் என்று நம்பக் காரணம் இருந்தாலே, யாரும் கத்தாமலேயே, உடனடியா, பக்கச்சார்பு இல்லாத விசாரணை தொடங்கணும்.

ஏன் அடிக்கிறாங்க?

கெட்ட போலீஸ், நல்ல போலீஸ் என்று மட்டும் பேசினா விஷயம் புரியாது. நம்ம சாட்சியச் சட்டத்தில் போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. நல்ல பாதுகாப்பு. ஆனா ஒரு வாசல் திறந்திருக்கு. அந்த வாக்குமூலத்தால் ஒரு கத்தியோ நகையோ கண்டுபிடிக்கப்பட்டா, அதைக் காட்டிக்கொடுத்த அளவுக்கான பேச்சு மட்டும் செல்லும். பழைய சட்டத்தில் 27-ஆவது பிரிவு, அது இப்பவும் புதுச் சட்டத்தில் தொடருது. ஆள் பற்றாக்குறை, தடயவியல் தாமதம், "சீக்கிரம் முடி" என்று மேலே இருந்து அழுத்தம். இப்ப கணக்குப் போடுங்க: ஒருத்தர் வாயைத் திறக்க வைக்கிறதுதான் குறுக்குவழி. மடப்புரத்தில் ஆரம்பப் புள்ளி ஒரு நகைத் திருட்டுப் புகார் என்பதை மறக்க வேண்டாம்.

13 வருஷ முயற்சி, சுருக்கமா

2010 மே மாசம் மக்களவை ஒரு சித்திரவதைத் தடுப்பு மசோதாவை நிறைவேற்றிச்சு. ரொம்ப பலவீனமான மசோதா. ஆறு மாசத்துக்குள்ள புகார் கொடுக்கணும், அரசு முன் அனுமதி வேணும் என்றெல்லாம் இருந்தது. மாநிலங்களவையின் தேர்வுக் குழு அதைத் திருத்தி வலுவாக்கச் சொன்னது. 2014-ல் மக்களவை கலைஞ்சதும் மசோதா காலாவதி. முன்னாள் சட்ட அமைச்சர் அஸ்வனி குமார் உச்ச நீதிமன்றம் போனார். 2017 அக்டோபரில் சட்ட ஆணையம் தன்னோட 273-ஆவது அறிக்கையில் ஏற்புறுதி கொடுங்க என்று சொல்லி, ஆயுள் தண்டனை வரை போகிற ஒரு வரைவு மசோதாவையும் எழுதிக் கொடுத்தது. காவலில் காயம் பட்டா போலீஸ்தான் காரணம் என்று அனுமானிக்கணும், இல்லன்னு நிரூபிக்கிற பொறுப்பு அவங்களோடது என்பதும் அதில் இருந்தது. 2019-ல் உச்ச நீதிமன்றம், சட்டம் போடுங்க என்று நாடாளுமன்றத்துக்கு உத்தரவிட முடியாது என்று கையை விரிச்சது. 2023-ல் மூணு குற்றவியல் சட்டங்களையும் மொத்தமா மாத்தி எழுதினாங்க. அப்பவும் "சித்திரவதை" என்று ஒரு குற்றம் உள்ளே வரல.

ஏற்புறுதி தேதி அவ்வளவு முக்கியமா?

சிலி நாட்டு சர்வாதிகாரி பினோசெட் 1998-ல் லண்டனில் கைதானார். அவர் ஆட்சியைப் பிடிச்சது 1973-ல். ஆனா பிரிட்டன் பிரபுக்கள் சபை 1999-ல் சொன்னது: 1988 டிசம்பர் 8-க்குப் பிறகு நடந்த சித்திரவதைக்கு மட்டும்தான் அவரை ஸ்பெயினுக்கு அனுப்ப முடியும். ஏன் அந்தத் தேதி? அன்னிக்குத்தான் பிரிட்டன் ஏற்புறுதி கொடுத்தது. அதுக்கு முன்னாடி அடிபட்ட ஆயிரக்கணக்கானவங்க அந்த வழக்குக்குள்ள வரவே முடியல. தாமதிக்கிற ஒவ்வொரு வருஷமும் யாரோ சிலரை வெளியே நிறுத்துது.

தாமதத்தால் நம்ம அரசுக்கே நஷ்டம் உண்டு. புருலியா ஆயுத வழக்கில் தேடப்படுற கிம் டேவியை அனுப்ப டென்மார்க் நீதிமன்றம் 2011-ல் மறுத்தது. ஆயுத வியாபாரி சஞ்சய் பண்டாரியை அனுப்ப லண்டன் உயர் நீதிமன்றம் 2025-ல் மறுத்தது. ரெண்டிலும் ஒரே காரணம்: இந்தியக் காவலில் கொடுமைப்படுத்தப்படலாம்.

கையெழுத்தை நம்பி ஏமாறவும் வேண்டாம்

இலங்கை 1994-லேயே உடன்படிக்கையில் சேர்ந்தது. அதே வருஷம் 22-ஆம் எண் சட்டம் போட்டது. குறைந்தபட்சம் 7 வருஷம் சிறை. காகிதத்தில் நம்மைவிட 30 வருஷம் முன்னாடி. ஆனா பக்கத்திலேயே 1979-ன் பயங்கரவாதத் தடைச் சட்டம் இருந்தது. அதில் போலீஸ் அதிகாரிகிட்ட கொடுத்த வாக்குமூலமே கோர்ட்டில் சாட்சி. ஒரு கையால் சித்திரவதையைத் தடை பண்ணி, இன்னொரு கையால் அதுக்குக் கூலி கொடுத்த மாதிரி. எத்தனை தமிழ் இளைஞர்கள் அந்த வாக்குமூலங்களால் வருஷக்கணக்கில் உள்ளே இருந்தாங்க என்பது நமக்குத் தெரிஞ்ச கதை.

வங்கதேசம் 2013-ல் தனிச் சட்டம் போட்டது. 2020-ல் முதல் தீர்ப்பு வந்தது. காவலில் ஒருத்தர் இறந்த வழக்கில் மூணு போலீஸ்காரர்களுக்கு ஆயுள் தண்டனை. ஏழு வருஷம் எடுத்தது. ஆனா அந்தக் குற்றத்துக்குப் பேர் இருந்ததால்தான் அந்தத் தீர்ப்பு சாத்தியமாச்சு.

அதுவரைக்கும் நம்ம கையில் இருக்கிறது

1996-ல் வந்த டி.கே. பாசு தீர்ப்பு இன்னும் உயிரோட இருக்கு. கைது பண்றவர் பேர் பட்டை தெரியணும். கைது குறிப்பில் சாட்சி கையெழுத்து வேணும். வீட்டுக்குத் தகவல் சொல்லணும். காவலில் இருக்கும்போது 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை. 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். அங்கே நின்னதும் "அடிச்சாங்களா?" என்று கேட்கலன்னாலும் நீங்களே சொல்லணும், பதிவு பண்ணச் சொல்லிக் கேட்கணும். ஸ்டேஷனில் சிசிடிவி கட்டாயம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. குடும்பத்தில் யாராவது ஒருத்தர் அந்தப் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி அன்னிக்கே எழுதிக் கொடுத்து வைங்க; சாத்தான்குளம் சொல்லித்தந்த பாடம் அது.

இன்னொண்ணு. குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலில் இருக்கு. டெல்லி நகரலன்னாலும், குடியரசுத் தலைவர் ஒப்புதலோட தமிழ்நாடு சட்டமன்றமே ஒரு சித்திரவதைத் தடுப்புச் சட்டம் கொண்டுவர முடியும். உங்க தொகுதி எம்எல்ஏ ஓட்டுக் கேட்க வரும்போது ரோடு, தண்ணி, எண்ணூர் காத்து பற்றிக் கேட்பீங்க, கேட்கணும். இந்தக் கேள்வியையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கோங்க.

அடுத்த எபிசோடில் காணாமல் ஆக்கப்படுதல் பற்றிய உடன்படிக்கை. இந்தியா அதிலும் 2007-ல் கையெழுத்துப் போட்டுட்டு அப்படியே நிற்குது. கேள்விகளை அனுப்புங்க, பேசுவோம்.