படி தாண்டும் பிள்ளைகள்

பள்ளிக்கூடம் என்பது ஓர் ஏணி. ஆண்டுக்கு ஒரு படி என்பது அதன் சட்டம். ஜூன் மாதத்தில் ஒரு படியில் கால் வைத்த பிள்ளை, அடுத்த ஜூன் வரையில் அங்கேயே நின்றாக வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்தச் சட்டம் பொருத்தமானதே. ஆனால், ஓராண்டுப் பாடத்தை இரண்டே மாதத்தில் கற்றுக்கொண்டு, எஞ்சிய நாளெல்லாம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தையும் எப்போதேனும் ஒன்று நம் வகுப்புக்கு வந்து சேருகிறது. அந்தக் குழந்தையை நாம் என்ன செய்வது? இதுவே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நான் ஆசிரியனாக இருந்த நாளில் அத்தகைய சிறுவன் ஒருவன் என்னிடம் படித்தான். ஏழாம் வகுப்பில் இருந்துகொண்டே பத்தாம் வகுப்புக் கணக்குகளைப் போடுவான். அவன் தகப்பனார் ஒருநாள் வந்து, "ஐயா, பையனுக்கு டபிள் பிரமோஷன் கொடுக்கலாகாதா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "அவசரம் எதற்கு? வயதுக்கு ஏற்ற வகுப்பே நல்லது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இரண்டு ஆண்டுகளில் அவன் வீட்டுக் கணக்கு எழுதுவதை விட்டான். வகுப்பில் குறும்பு செய்தான். தேர்வில் நடுத்தர மாணாக்கர்களோடு நின்றான். எல்லோரும் அவனைச் சோம்பேறி என்றார்கள். அந்தச் சோம்பலை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவன் நானே என்பதை நெடுநாள் கழித்துத்தான் உணர்ந்தேன்.

மிகுந்த அறிவுத்திறன் உள்ள பிள்ளைகளை அவர்கள் வேகத்துக்கு ஏற்ப முன்னே செல்ல விடுவதை விரைவுக் கல்வி எனலாம். வகுப்பைத் தாண்டுவது ஒன்றே அதற்கு வழி என்று பலர் எண்ணுகிறார்கள். அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்திலிருந்து 2004-ஆம் ஆண்டில் வெளிவந்த அறிக்கை ஒன்று, இதற்குப் பதினெட்டு வழிகளை எடுத்துக் காட்டியது. அவற்றுள் முக்கியமானவை நான்கு. முதலாவது, குறித்த வயதுக்கு முன்பே பள்ளியில் சேர்ப்பது. இரண்டாவது, ஒரு வகுப்பை முழுமையாகத் தாண்டவிடுவது. மூன்றாவது, குழந்தையைத் தன் வகுப்பிலேயே இருத்தி, அதற்குத் திறமையுள்ள பாடத்துக்கு மட்டும் மேல்வகுப்புக்கு அனுப்புவது. நான்காவது, மூன்றாண்டுப் பாடத்தை இரண்டாண்டில் சுருக்கிக் கற்பிப்பது. இவற்றுள் மூன்றாவதே மிக எளியது. அதற்கு வேண்டியது கால அட்டவணையில் ஒரு சிறு மாற்றமும் இரண்டு ஆசிரியர்களின் ஒத்துழைப்புமே.

அந்த எளிய வழி இல்லாமற் போனால் நேரும் தீங்குக்கு உதாரணம் தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. கும்பகோணத்தில் கல்லூரி மாணாக்கராக இருந்த ஸ்ரீநிவாச ராமாநுஜன், கணிதத்தில் மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டமையால் தம் உதவித்தொகையை இழந்தார். பின்னர் எழுதிய கல்லூரித் தேர்விலும் தவறினார். எல்லாப் பாடங்களிலும் ஒரே சீராக நடக்கவேண்டும் என்ற ஏற்பாட்டில், ஒரே பாடத்தில் பறந்து செல்பவருக்கு இடமில்லை. 1913-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் பெறாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. விதியைச் சற்றே தளர்த்தியதனால் ஒரு மேதை நமக்குக் கிடைத்தார். 1918-இல் அவர் இலண்டன் ராயல் சொஸைட்டியின் உறுப்பினரானார்.

காலத்தோடு வழி திறந்துவிட்டால் என்ன நிகழும் என்பதற்கு டெரன்ஸ் தாவோ சான்று. 1975-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் பிறந்த இவர், எட்டு வயதிலேயே உயர்நிலைப் பள்ளிக் கணித வகுப்புக்குச் சென்றார். மற்றப் பாடங்களில் அவ்வவற்றுக்கு உரிய நிலையில் பயின்றார். ஒன்பது வயதில் பல்கலைக்கழகக் கணிதம் கற்கத் தொடங்கியபோதும், பெற்றோர் அவரை முழுநேர மாணாக்கராக அங்கே தள்ளிவிடவில்லை. பதினான்கு வயது வரையில் பொறுத்திருந்தார்கள். 1988-இல், பதின்மூன்றாம் வயதில், உலகக் கணித ஒலிம்பியாடில் தங்கப் பதக்கம் பெற்றார். 2006-இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் அவரை நாடி வந்தது. வேகத்தையும் பொறுமையையும் ஒருசேரக் கையாண்ட பெற்றோரின் விவேகமே இதில் நாம் கற்க வேண்டியது.

மாறாக, வில்லியம் ஜேம்ஸ் சைடிஸ் என்ற அமெரிக்கச் சிறுவர் 1909-இல், பதினோராம் வயதில், ஹார்வர்டில் சேர்ந்தார். அவரைக் கூர்ந்து நோக்கிய கண்கள் பல. நட்போடு பழகியவர்கள் சிலரே. பத்திரிகைகள் அவரைக் காட்சிப் பொருளாக்கின. பிற்காலத்தில் அவர் உலகின் கண்ணுக்குப் படாமல், சாதாரணக் குமாஸ்தா வேலைகளைத் தேடிப் பார்த்து, 1944-இல் மறைந்தார். அறிவு முந்தியதைவிடப் புகழ் முந்தியதே அவருக்குத் துன்பமாயிற்று என்று நான் கருதுகிறேன்.

"வயதில் மூத்தவர்களோடு உட்கார்ந்தால் குழந்தையின் மனம் வாடாதா?" என்று தாய்மார்கள் கேட்பது நியாயமே. நானும் அந்த அச்சத்தினால்தான் தவறு செய்தேன். ஆராய்ச்சிகள் கூறும் விடை வேறு. மிராக்கா க்ராஸ் என்ற ஆஸ்திரேலிய அம்மையார், மிக உயர்ந்த நுண்ணறிவு ஈவு கொண்ட அறுபது பிள்ளைகளை அவர்கள் பெரியவர்களாகும் வரையில் தொடர்ந்து கவனித்தார். இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ முன்னே செல்ல விடப்பட்டவர்களுள் பெரும்பாலோர் படிப்பிலும் வாழ்விலும் நிறைவு கண்டனர். வயதொத்தவர்களோடே நிறுத்தப்பட்டவர்களுள் பலர் நட்பின்றித் தவித்தனர். தன் பேச்சைப் புரிந்துகொள்பவர் அருகில் இல்லாத தனிமை, குழந்தைக்கும் கொடிதன்றோ?

ஆயினும், கெட்டிக்காரப் பிள்ளைகளையெல்லாம் தூக்கி மேலே வைத்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அயோவாவில் வகுக்கப்பட்ட அளவுகோல் எச்சரிக்கைகளையும் தருகிறது. குழந்தைக்கே விருப்பம் இல்லையெனில் வகுப்புத் தாண்டல் கூடாது. தாண்டிச் செல்லும் வகுப்பில் அதன் அண்ணனோ அக்காளோ இருந்தாலும் கூடாது. தம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் அண்ணன் மனம் என்ன பாடுபடும்! இவற்றோடு, சில வாரங்கள் ஒத்திகை பார்த்து, பொருந்தாவிடில் இழிவு தோன்றாதபடி திரும்பிவரவும் வழி வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

நம் நாட்டிலும் கதவு சிறிது திறந்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை தனித்திறன் கொண்ட பிள்ளைகளை ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. 2024-இல் பல்கலைக்கழக மானியக் குழு, வல்ல மாணாக்கர் பட்டப்படிப்பைக் குறித்த காலத்துக்கு முன்னரே முடிக்கும் திட்டத்துக்கு இசைவளித்தது. எனினும் கல்லூரிக்கு வரும் வரையில் அந்தப் பிள்ளையின் ஆர்வம் அணையாதிருக்க வேண்டுமே! அதைக் காக்கும் பொறுப்பு பள்ளி ஆசிரியருடையது, பெற்றோருடையது.

எந்தத் தகப்பனாரேனும் தயங்கித் தயங்கி உங்கள் முன் வந்து நின்றால், ஆசிரிய நண்பர்களே, உடனே மறுத்துவிடாதீர்கள். மேல்வகுப்பின் வினாத்தாள் ஒன்றை அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்துப் பாருங்கள். நான் அன்று அதைக்கூடச் செய்யவில்லை.