முடிக்கக் கூடாத கணக்கு

காரைக்கால் மாவட்டத்தின் வடக்கு விளிம்பில் இருக்கிறது பூவம். ஊரைத் தாண்டி நண்டலாற்றுப் பாலத்தில் ஏறி இறங்கினால் பொறையார், அடுத்து தரங்கம்பாடி. பாலத்துக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி அரசு, அந்தப் பக்கம் தமிழ்நாடு அரசு. ரேஷன் கார்டு வேறு, பெட்ரோல் விலை வேறு, ஓட்டுப் போடும் சட்டமன்றம் வேறு. ஆனால் பூவத்தில் ஒரு கல்யாணம் என்றால் அந்தக் கரையிலிருந்தும் சம்பந்திகளும் பங்காளிகளும் வந்து பந்தியில் உட்காருவார்கள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, மண்டப ஓரத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் போய் ஊர், பெயர், தொகை சொல்லுவார்கள். அவர் எழுதிக்கொள்வார். அந்த மொய் நோட்டைத்தான் இன்று டீ குடித்தபடி நாம் பொறுமையாகப் புரட்டிப் பார்க்கப் போகிறோம்.

பணத்துக்குப் பதிலாக மனிதர்களுக்கிடையே உள்ள அக்கறையை வைத்து ஒரு பொருளாதாரம் நடக்குமா என்று யாராவது கேட்டால், நல்ல கனவு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பொருளாதாரம் என்ற பெரிய சொல்லைச் சற்று இறக்கிவைத்துப் பார்ப்போம். யாருக்கு எது எப்போது கிடைக்கும், அதை யார் கொடுப்பார் என்பதற்கான ஏற்பாடுதான் அது. கடை ஒரு ஏற்பாடு, வங்கி ஒரு ஏற்பாடு. மொய் நோட்டும் ஒரு ஏற்பாடுதான். அதில் எழுதுவதும் ரூபாய்தானே என்று உங்களுக்குத் தோன்றும். ரூபாய்தான். ஆனால் அந்த ரூபாய் நகரும் விதி கடையின் விதியும் இல்லை, வங்கியின் விதியும் இல்லை. எப்படி என்று பார்ப்போம்.

ஒரு வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம். 300 குடும்பங்கள் வருகின்றன, ஆளுக்கு 500 ரூபாய் எழுதுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அன்று இரவு அந்த வீட்டில் 1,50,000 ரூபாய் இருக்கிறது. பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் பாக்கி தீர்க்க அது உதவும். வட்டி இல்லை, ஈடு இல்லை, கையெழுத்து இல்லை. இதே தொகையை வெளியில் வாங்கியிருந்தால் மாதம் பிறந்ததும் வட்டிக்காரர் வாசலில் நிற்பார்.

திருப்பிக் கொடுப்பது எப்போது? இந்த ஏற்பாட்டின் நுட்பமெல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. வங்கிக் கடனில் தவணைத் தேதி முன்கூட்டியே அச்சாகியிருக்கும். மொய்யில் தவணைத் தேதியே கிடையாது. 500 எழுதியவர் வீட்டில் காதுகுத்தோ, மஞ்சள் நீராட்டோ, வீடு குடிபோவதோ வரும்போது நாம் போய் எழுதவேண்டும். அதாவது, கொடுத்தவருக்கு எப்போது தேவை வருகிறதோ அப்போதுதான் வாங்கியவர் திருப்பிச் செய்கிறார். ஒருவருக்கு மூன்று மாதத்தில், இன்னொருவருக்குப் பன்னிரண்டு வருடம் கழித்து. ஒரே நாளில் 300 பேரிடம் சேர்ந்த தொகை, இருபது முப்பது வருடங்களில் சிறிது சிறிதாக, ஒவ்வொரு வீட்டின் தேவையையும் தேடிப்போய்ச் சேருகிறது. காப்பீட்டு நிறுவனம் பிரீமியம் வாங்கிச் செய்யும் வேலையில் ஒரு பகுதியை ஒரு நாற்பது பக்க நோட்டு செய்துவிடுகிறது. நோய்க்கும் நொடிக்கும் மொய் கிடையாது. ஆனால் ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டிக் கைமாத்துக் கேட்கலாம் என்பது, அந்த நோட்டில் பெயர் இருப்பவர்களை நினைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இங்கேதான் எல்லோருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. உறவு என்றால் கணக்குப் பார்க்கக் கூடாது, கணக்குப் பார்த்தால் அது வியாபாரம் என்று நினைக்கிறோம். அதனால் மொய் எழுதுவதைக் கொஞ்சம் கூச்சத்தோடு பார்க்கிறோம். பாசத்தை நோட்டில் எழுதுவதா என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். உண்மையில் உறவுப் பொருளாதாரத்தில் கணக்கு மிக நுணுக்கமாக இருக்கிறது. கடைக் கணக்கை நேர்செய்து முடித்துவிடவேண்டும். உறவுக் கணக்கை முடித்துவிடக் கூடாது. வேறுபாடு இவ்வளவுதான், ஆனால் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

கடையில் சோப்பு வாங்கிக் காசு கொடுத்ததும் கடைக்காரருக்கும் நமக்கும் பாக்கி ஒன்றுமில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் மறந்துவிடலாம். அது பணத்தின் பெரிய வசதி. மொய்யில் 500 வாங்கிய இடத்தில் அதே 500-ஐ மட்டும் எழுதினால் கொடுத்தவர் மனதில் ஏதோ உறுத்தும். கணக்கை முடித்துக்கொள்ளப் பார்க்கிறாரோ என்று யோசிப்பார். ஆகவே கூடக் கொஞ்சம் வைக்கிறோம். இப்போது கடன் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. அடுத்த முறை அவர் கூட வைப்பார். தயிர் முழுவதையும் சாப்பிட்டுவிடாமல் நாளைப் பாலுக்கு உறை ஊற்ற ஒரு கரண்டி எடுத்துவைக்கிறோமே, அந்தக் கரண்டித் தயிர்தான் இந்தக் கூடுதல் தொகை.

நோட்டில் ஏறாத கணக்கிலும் இதே விதிதான். பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணத்தில் மீன் குழம்பு வருகிறது. கிண்ணத்தைக் கழுவி வெறுமனே திருப்பிக் கொடுக்கமாட்டோம். ஒரு கைப்பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். ஆனால் குழம்பு வந்த பத்தாவது நிமிடமே அதே அளவு பாயசத்தை ஊற்றி அனுப்பினாலும் அந்த அம்மாவின் முகம் சுருங்கும். சீக்கிரம் திருப்பித் தருவது மரியாதை என்பது கடைக்குப் பொருந்தும். இங்கே ஓர் இடைவெளி வேண்டும். கொஞ்ச நாள் கடன்பட்டிருக்கச் சம்மதிப்பதுதான் இங்கே மரியாதை.

மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925-இல் கொடை பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பசிபிக் தீவுகளிலும் வட அமெரிக்கப் பழங்குடிகளிடமும் பொருள்கள் கைமாறும் விதத்தைப் படித்துவிட்டு, கொடுப்பது, வாங்கிக்கொள்வது, திருப்பிச் செய்வது என்ற மூன்று கடமைகள் சேர்ந்துதான் அந்தச் சமூகங்களைக் கட்டி நிறுத்துகின்றன என்றார். அவர் அதை எழுதிய காலத்தில் காரைக்கால் அவருடைய நாட்டின் ஆட்சியில்தான் இருந்தது. நடுக் கடமையைக் கவனியுங்கள். வாங்கிக்கொள்வதும் ஒரு கடமை. கொடுப்பதை மறுப்பவர் உறவையே மறுக்கிறார். ‘மொய் வேண்டாம்’ என்று பத்திரிகையில் அச்சடிப்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் சில வீடுகளில் அது ஏன் மனவருத்தமாகிறது என்பதை மோஸைப் படித்தவர் எளிதில் புரிந்துகொள்வார்.

இன்னொரு படி மேலே போவோம். கடையில் விலை எல்லோருக்கும் ஒன்று. மொய்யில் தொகை ஆளைப் பார்த்து மாறும். முன்பு 101 எழுதிய கூலிக்காரர் இன்றைக்கும் 101 எழுதினால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அதையே பிள்ளையை பிரான்சுக்கு அனுப்பிவிட்ட வீட்டுக்காரர் செய்தால் மூன்று தெருவுக்குப் பேச்சு. 1985-இல் எழுதிய 51 ரூபாய்க்கு இன்று என்ன செய்வது என்று வரும்போது, அன்று தங்கம் என்ன விலை விற்றது, அவர் அன்று இருந்த இருப்புக்கு 51 எவ்வளவு பெரிய தொகை என்றெல்லாம் பாட்டிகள் உட்கார்ந்து பேசுவார்கள். விலைவாசியையும் வசதியையும் முகத்தையும் ஒன்றாக வைத்து எடைபோடும் கணக்கு அது. எந்த வங்கி மேலாளருக்கும் இவ்வளவு தகவல் கிடைப்பதில்லை.

இந்தக் கரையில் அரசுகள் மாறியதையும் நினைத்துப் பார்க்கலாம். தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் இருந்து தங்கள் பெயரில் காசு அடித்தார்கள். காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்து 1954 நவம்பர் 1 வரை அவர்களிடம் இருந்தது. அவர்களுடைய ரூபாய் நோட்டை இந்தோசீனா வங்கி வெளியிட்டது. சுற்றிலும் பிரிட்டிஷ் ரூபாய். அந்த அரசுகளெல்லாம் போய்விட்டன, அவற்றின் பணம் செல்லாமல் போய்விட்டது. கொண்டு கொடுத்த உறவுகளின் பாக்கி மட்டும் ஆற்றைத் தாண்டித் தாண்டி நடந்துகொண்டிருந்தது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போனால் இது பாதிக் கதை. மொய் நோட்டில் இருப்பவை பெரும்பாலும் ஆண்களின் பெயர்கள். கிண்ணத்தின் கணக்கும், பிள்ளை பெற்ற வீட்டுக்கு மாறி மாறிப் பத்தியச் சோறு போன கணக்கும், சாவு வீட்டில் அடுப்பெரியாத நாள்களில் யார் சமைத்து அனுப்பினார் என்ற கணக்கும் பெண்களின் நினைவில் இருக்கின்றன. 2019-இல் நம் நாட்டில் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் கொடுக்கிறார்கள் என்று வந்தது. அந்த வேலையைச் செய்யும் ஆண்கள் கொடுப்பது 97 நிமிடம். அக்கறையால் நடக்கும் பொருளாதாரம் நாளை வரப்போகிற ஒன்றல்ல, இன்றும் நடக்கிறது. அதன் பாரத்தை யார் சுமக்கிறார்கள் என்பதைத்தான் அந்த எண்கள் காட்டுகின்றன. 2023 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் மாதம் 1000 ரூபாய் மகளிர் திட்டம் தொடங்கியபோது அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் உரிமைத்தொகை என்று வைத்தது எனக்கு நிறைவாக இருந்தது. தொகை சிறிது. ஆனால் பாக்கி ஒன்று இருக்கிறது என்று ஓர் அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டது.

கடற்கரையில் இன்னொரு வகைக் கணக்கு உண்டு. மீனவ ஊர்களில் தலைக்கட்டு என்று ஒரு அலகு. குடும்பத் தலைவரைக் கொண்டு எண்ணும் வீட்டுக் கணக்கு அது. கோயிலுக்கான வரியும் தலைக்கட்டுக்கு இவ்வளவு, ஊருக்கு வரும் நன்மையும் தலைக்கட்டுக்கு இவ்வளவு. 2004 டிசம்பர் 26 சுனாமி காரைக்கால் கரையையும் அடித்தது. நிவாரணம் வந்தபோது இந்தக் கரை நெடுக ஊர்ப் பஞ்சாயத்தார் அதைத் தலைக்கட்டுக்குச் சமமாகப் பிரிக்கவேண்டும் என்றார்கள். அந்தச் சமநிலை ஊர்ச் சண்டைகளைத் தவிர்க்க உதவியது. ஆனால் கணவனை இழந்தவர்களும் தனித்து வாழும் பெண்களும் பல ஊர்களில் முழுத் தலைக்கட்டாக எண்ணப்படவில்லை. உறவு வட்டத்துக்கு உள்ளே இருப்பவருக்கு அது வீடு. வெளியே நிற்பவருக்கு அது சுவர்.

இதைவிடக் கசப்பானதும் டெல்டாவில் உண்டு. தஞ்சைப் பண்ணைகளில் பண்ணையாள் முறை இருந்த காலத்தில் மிராசுதாருக்கும் பண்ணையாளுக்கும் இடையில் காசு அதிகம் புழங்கவில்லை. கூலி நெல்லாக வந்தது. குடிசை போட இடம், பொங்கலுக்குத் துணி, கல்யாணத்துக்கும் சாவுக்கும் நெல். மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் பணமில்லாத, முகம் தெரிந்த மனிதர்களின் ஏற்பாடு. இதுவும் முடியாத கணக்குதான். ஆனால் மொய்யில் கடன் ஒருமுறை இந்தப் பக்கம், அடுத்தமுறை அந்தப் பக்கம் என்று சாய்ந்துகொண்டிருக்கும். பண்ணையில் அது எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. பண்ணையாளுக்கு அந்த வட்டத்தை விட்டு வெளியேறவும் வழியில்லை. எதிர்த்துப் பேசியவருக்குச் சாட்டையடியும் சாணிப்பாலும் கிடைத்தன. செங்கொடி இயக்கம் போராடி, 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதன் பின்னணியில் இருந்ததும் கூலிக் கோரிக்கையும் விவசாயத் தொழிலாளர் சங்கமும்தான். அந்த மக்களுக்கு, கணக்கை அன்றன்றைக்கு நேர்செய்து வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போகமுடிகிற காசுக்கூலி ஒரு விடுதலை. உறவுப் பொருளாதாரத்தைப் புகழ்ந்து பேசும்போதெல்லாம் இதை நினைவில் வைத்திருக்க நான் விரும்புகிறேன். ஓர் ஏற்பாட்டைப் பார்த்ததும் இரண்டு கேள்வி கேட்டால் போதும்: கடன் இரு பக்கமும் மாறி மாறிச் சாய்கிறதா? வேண்டாமென்றால் விலகிப்போக முடியுமா?

புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி பக்கம் நடக்கும் மொய் விருந்துகளை இந்தக் கேள்விகளோடு பார்க்கலாம். அங்கே கல்யாணம் காதுகுத்து எதுவும் வேண்டியதில்லை, மொய் வாங்குவதற்காகவே ஆனி, ஆடியில் கறி விருந்து வைக்கிறார்கள். விவசாயத்துக்கும் தொழிலுக்கும் அது முதலீடு. சில விருந்துகளில் தொகை கோடியைத் தொட்டு, பணம் எண்ணும் இயந்திரமும் வந்துவிட்டது. கடன் மாறி மாறித்தான் சாய்கிறது. ஆனால் கடன் வாங்கி மொய் செய்பவர்கள் பெருகும்போது விலகிப்போகும் வழி குறுகுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்தபோது எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் தேவை வந்தது. ஆளுக்கொரு காலத்தில் தேவை வரும் என்று நம்பிக் கட்டிய ஏற்பாடு அந்த மாதிரி நேரத்தில் திணறும். அங்கே அரசு வேண்டும், வெளியூர் உதவி வேண்டும்.

உறவே இல்லாத நகரங்களில் இதைப் புதிதாகக் கட்டமுடியுமா என்று பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்க வழக்கறிஞர் எட்கர் கான் 1980-களில் நேர வங்கி என்ற ஒன்றை வளர்த்தார். ஒரு முதியவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஒரு மணி நேரம் செலவிட்டால் உங்கள் கணக்கில் ஒரு மணி நேரம் ஏறும். பிறகு வேறு யாரோ வந்து உங்கள் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தருவார். வக்கீலின் ஒரு மணியும் சமையல்காரரின் ஒரு மணியும் ஒன்றே. சாதியும் சொந்தமும் கேட்காத மொய் நோட்டு என்று சொல்லலாம். அதில் ஒன்று மட்டும் மெதுவாகத்தான் நகர்ந்தது. கொடுக்க ஆள் கிடைத்தார்கள், கேட்க ஆள் தயங்கினார்கள்.

பூவத்திலும் கேட்பதில்தான் தயக்கம் வரும். திருவேட்டக்குடி என்ஐடியில் வேலை கிடைத்து ஒரு குடும்பம் இங்கே புதிதாக வாடகைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த நோட்டிலும் அவர்கள் பெயர் இல்லை. பழகவேண்டும் என்று தெரு முழுக்க இனிப்புப் பெட்டி கொடுக்கத் தோன்றும். திருப்பிச் செய்ய வகையில்லாத வீடுகளுக்கு அது சுமையாகிவிடலாம். அதைவிட, பரணில் சாமான் ஏற்றப் பக்கத்து வீட்டில் ஏணி கேட்டு வாங்கலாம். ஒரு கணக்கு திறந்துவிட்டது. இனி அந்த வீட்டம்மா, மகளுக்கு இன்ஜினியரிங் விண்ணப்பம் எழுத உதவி கேட்டு, கூச்சமில்லாமல் இவர்கள் வாசலில் வந்து நிற்கலாம்.