கிண்ணம் சரி, நிழல் எங்கே?

கோடை தொடங்கியதும் செய்தித்தாள்களில் தவறாமல் வரும் படம் ஒன்று உண்டு. வரிசையாக நிற்பவர்கள் கையில் ஆளுக்கொரு மண்கிண்ணம், பின்னால் ஒரு பேனர். மொட்டைமாடியில் தண்ணீர் வைத்துப் பறவைகளைக் காப்பாற்றுங்கள் என்பது செய்தி. 2022 மே மாதம் அகமதாபாத்தில் நீர் வற்றித் துவண்ட பறவைகள் வானத்திலிருந்து விழுந்ததும், ஜீவதயா அறக்கட்டளையின் மருத்துவமனையில் அவற்றுக்கு ஊசிக்குழல் மூலம் நீர் புகட்டியதும் உலகச் செய்தியாயின. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதில் மனிதருக்கு நிவாரணம் உண்டு, மைனாவுக்குக் கிடையாது. மைனாவின் பொறுப்பு முழுவதும் கிண்ணத்தின் தலையில் விழுந்திருக்கிறது. கிண்ணம் வைப்பதில் குற்றமில்லை. ஆனால் அகமதாபாத் வெயிலுக்கு ஏற்ற வைத்தியம் வத்தலக்குண்டு வெயிலுக்கும் அப்படியே பொருந்துமா என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் வரிசை மாறுகிறது: இங்கே முதலில் வேண்டியது நிழல், அடுத்தது சருகு, அதற்குப் பிறகுதான் கிண்ணம்.

கணக்கின் மையத்தில் இருப்பது 41 என்ற எண். பறவைகளின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 40 முதல் 42 டிகிரி செல்சியஸ். நம்மைவிட நாலைந்து டிகிரி கூடுதல். அவற்றுக்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையா. சுற்றியுள்ள காற்று 41 டிகிரிக்குக் கீழே இருக்கும் வரை, ஒரு சொட்டு நீர்கூடச் செலவழிக்காமல் கால், அலகு, சிறகின் அடிப்பகுதி வழியாக உடல் வெப்பத்தில் கொஞ்சத்தை வெளியே விட முடியும். காற்று அதைத் தாண்டிவிட்டால் வெப்பம் எதிர்த்திசையில் பாயத் தொடங்கும். அப்போது நீரை ஆவியாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில், தென்மேற்குப் பருவமழையை மலை மறித்துக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது வத்தலக்குண்டு. கத்திரி வெயிலில் திண்டுக்கல் சமவெளியின் மதியம் 38, 39 டிகிரி என்பது சாதாரணம்; 40-ஐத் தொடும் நாட்களும் உண்டு. அகமதாபாத்தில் 44, 45 என்று ஏறும். இந்த ஐந்தாறு டிகிரி வித்தியாசம் 41-இன் இரு புறமும் விழுகிறது என்பதுதான் விஷயம். அங்கே நிழலில் ஒதுங்கினாலும் காற்றே பறவையைச் சுடும். இங்கே நல்ல நிழலில் இருக்கும் பறவைக்கு இரண்டு மூன்று டிகிரி இடைவெளி இன்னும் மிச்சம் இருக்கிறது. போதாக்குறைக்குப் பல பறவைகள் தங்கள் உடல் வெப்பத்தைத் தாங்களே இரண்டு டிகிரி ஏறவிட்டு அந்த இடைவெளியை அகலப்படுத்திக்கொள்கின்றன. நமக்கு அது கடும் காய்ச்சல். அவற்றுக்கு அது சிக்கனம். ஆனால் நிழலை விட்டு வெயிலில் வந்து உட்கார்ந்தால் இந்தச் சலுகை அத்தனையும் ரத்து. நேர்வெயிலில் ஒரு சிறு பறவையின் உடல் உணரும் சூடு, வானிலை அறிக்கை சொல்லும் சூட்டைவிடப் பத்து டிகிரிக்கும் மேலாகப் போகலாம்.

நீரை ஆவியாக்கிக் குளிர்வது என்றதும் மண்பானை நினைவுக்கு வராமல் இருக்காது. சுவரில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் நீரின் சூட்டைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வேண்டும். மைனாவும் சிட்டுக்குருவியும் வாயால் கசியும் பானைகள். அலகைத் திறந்து வேகவேகமாக மூச்சுவிட்டு, ஈரமான வாய், மூச்சுக்குழல் வழியாக நீரை ஆவியாக்குகின்றன. பானைக்குக் காற்று தானாக வந்து வீசும். இந்தப் பானையோ தனக்கு வேண்டிய விசிறியைத் தானே ஆட்ட வேண்டும். விசிறி ஆட்டும் தசை உழைக்கும்போது மேலும் சூடு பிறக்கும். ஆந்தையும் பக்கியும் இங்கே கெட்டிக்காரப் பானைகள்: நெஞ்சு முழுவதையும் ஆட்டாமல் தொண்டையின் அடித்தளத்தை மட்டும் படபடவென்று அதிரவிட்டு, குறைந்த உழைப்பில் காரியத்தை முடிக்கின்றன. பானையை நாம் நிரப்புகிறோம். இது தன்னை நிரப்பிக்கொள்ளத் தானே பறந்து போக வேண்டும், பறந்தால் சூடு கூடும். சென்னையின் ஈரக்காற்றில் பானை நீர் அவ்வளவாகக் குளிராது, பறவையும் அப்படியே திணறும். வத்தலக்குண்டின் வறண்ட காற்றில் இரண்டும் நன்றாகக் குளிரும், ஆனால் இரண்டும் சீக்கிரம் காலியாகும்.

இந்த உவமையை உண்மையாகவே வாழ்ந்து காட்டுவது புறா. புறா இனங்கள் வாயை மட்டும் நம்பியிருப்பதில்லை. அவற்றின் தோலே கசிகிறது. சூடு ஏறும்போது தோலடி இரத்த நாளங்கள் விரிந்து, உடல்நீர் தோலின் வழியே ஊறி, இறகுகளுக்கு அடியில் ஆவியாகிறது. சுரப்பி இல்லை, துளை இல்லை, மூச்சுவாங்கல் இல்லை, தசைச் செலவும் இல்லை. எருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் ஜேக்கப் மார்டர் 1980-களில் மாடப்புறாக்களை வெப்பத்துக்குப் பழக்கிச் சோதித்தார். வறண்ட காற்றில் 60 டிகிரி வரை அவை பெரிதாக மேல்மூச்சு வாங்காமல் தாக்குப்பிடித்தன. பழக்கினார் என்பதைக் கவனிக்க வேண்டும். கடையிலிருந்து வந்த புதுப்பானையை நாலு நாள் ஊறவைத்துப் பழக்குவது போல, புறாவின் தோலும் வெயில் பட்டுப் பட்டுத்தான் நன்றாகக் கசியக் கற்கிறது. இத்தனை கசிவுக்கு ஈடுகட்ட வேண்டாமா? அலகை நீரில் அமிழ்த்தி ஒரே இழுப்பாக உறிஞ்சும் வித்தை புறாக்களிடம் இருக்கிறது. பெரும்பாலான மற்றப் பறவைகள் ஒவ்வொரு வாயாக அள்ளி, தலையைத் தூக்கி விழுங்க வேண்டும். கிண்ணத்துக்கு வந்து, உறிஞ்சி, போய்க்கொண்டே இருப்பது புறாவின் உடலமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. நம் மாடிக் கிண்ணங்களில் புறாக்கூட்டம் அதிகமாகத் தெரிவதை வைத்து எல்லாப் பறவைக்கும் உதவிவிட்டதாக எண்ணுவது, இருப்பதிலேயே நன்றாகக் குளிரும் பானைக்கு மேலும் ஒரு குடம் ஊற்றிவிட்டு மனம் நிறைவது போன்றது. உவமை இதற்கு மேல் தாங்காது என்றாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: தண்ணீர்ப் பந்தல் போடுகிற எவரும் பானையைக் கொண்டுபோய் நட்டநடு வெயிலில் வைப்பதில்லை. அந்த மரியாதையைப் பறவைக்கும் அதன் கிண்ணத்துக்கும் காட்டலாம்.

எண்களில் பார்ப்போம். ஒரு வாட் வெப்பத்தை ஆவியாதல் மூலம் தொடர்ந்து வெளியேற்ற மணிக்கு ஒன்றரை கிராம் நீர் செலவாகும். சிட்டுக்குருவியின் எடை சுமார் 25 கிராம். ஒன்றரை கிராம் என்பது அதன் எடையில் 6 சதவீதம். எடையில் 15 சதவீத அளவுக்கு நீர் போனால் உயிருக்கு ஆபத்து என்ற அளவுகோலை வைத்துத்தான் பிளேர் உல்ஃப் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2017-இல் அமெரிக்கப் பாலைவனப் பறவைகளுக்கான அபாய வரைபடம் தயாரித்தார்கள். அந்தக் கணக்கில் நம் குருவிக்கு இரண்டரை மணி நேரம். பகல் பன்னிரண்டரை முதல் மூன்று வரை என்று வைத்துக்கொள்ளலாம். உடல் சிறுக்கச் சிறுக்க இந்த நேரமும் குறையும். தேன்சிட்டின் நிலை குருவியைவிட மோசம், ஆனால் அது குடிக்கும் தேனிலேயே நீர் இருப்பதால் தப்பிக்கிறது. இப்போது நிழலின் மதிப்பு விளங்கும். வெயிலால் ஏறும் அந்த ஒரு வாட்டைக் கிளையொன்று மறைத்துவிட்டால், மணிக்கு ஒன்றரை கிராம் நீரைக் குருவிக்கு ஊட்டியதற்குச் சமம். கிண்ணத்தில் ஐஸ்கட்டி போடச் சொல்லும் அறிவுரைகளையும் இதே தராசில் நிறுத்தலாம். 25 டிகிரி நீர் ஒரு கிராம் பறவையின் வயிற்றுக்குள் போய் 40 டிகிரி ஆவதற்கு எடுத்துக்கொள்வது 15 கலோரி. அதே ஒரு கிராம் ஆவியாகும்போது எடுத்துக்கொள்வது 580. ஐஸ்கட்டி போட்டவருக்குத்தான் குளிர்ச்சி.

நிழலுக்கு அடுத்து சருகை ஏன் வைத்தேன் என்பதற்குத் தவிட்டுக்குருவி சாட்சி. ஏழெட்டாகச் சேர்ந்து, மரத்தடிச் சருகைக் கிளறிப் பூச்சி பொறுக்கும் இந்தப் பறவைக்கு வேண்டிய நீரில் பெரும்பங்கு பூச்சியிலேயே கிடைக்கிறது. அதன் சிக்கல் தாகத்தைவிடச் சூட்சுமமானது: அலகைத் திறந்து மூச்சுவாங்கிக்கொண்டிருக்கும் பறவையால் அதே அலகால் இரை பொறுக்க முடியாது. குளிர்வதும் சாப்பிடுவதும் ஒரே வாசல் வழியாக நடக்க வேண்டியிருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கலஹாரியில் இதன் உறவுக்காரப் பறவை ஒன்றை எடைபோட்டுப் பின்தொடர்ந்த ஆய்வு 2012-இல் வெளியானது. பகல் வெப்பம் 35.5 டிகிரியைத் தாண்டிய நாட்களில், முந்தைய இரவில் இழந்த எடையை அந்தப் பறவைகளால் பகலில் மீட்க முடியவில்லை. எதுவும் செத்து விழவில்லை. படம் எடுக்க ஒன்றுமில்லை. நாளுக்கு நாள் கொஞ்சம் இளைத்தன, அவ்வளவுதான். கலஹாரியின் 35.5 நம் தவிட்டுக்குருவிக்கும் அப்படியே பொருந்தும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இனம் வேறு, ஊர் வேறு. ஆனால் வழிமுறை ஒன்றுதான், வத்தலக்குண்டு கோடையில் அந்த அளவைத் தாண்டாத மதியம் அரிது. நிழலும் அதனடியில் சருகும் சேர்ந்து இருந்தால் பறவை வாயை மூடிக்கொண்டு சற்று அதிக நேரம் இரை தேடலாம். கொல்லையைப் பெருக்கிக் குவித்துத் தீ வைக்கும் வழக்கம் அந்தச் சாப்பாட்டுக் கடையைச் சுத்தத்தின் பெயரால் மூடிவிடுகிறது.

வரலாறு இல்லாமல் கட்டுரை முடியக்கூடாது என்பவர்களுக்காக ஒரு பத்தி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோசப் கிரின்னல் என்ற அமெரிக்கர் மொஹாவி பாலைவனத்தில் எந்த இடத்தில் எந்தப் பறவை என்று பொறுமையாகக் குறித்து வைத்தார். ஒரு நூற்றாண்டு கழித்து கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தினர் அதே இடங்களுக்குப் போய் எண்ணி 2018-இல் வெளியிட்டபோது, ஓர் இடத்துக்குச் சராசரியாக 43 சதவீதப் பறவை இனங்கள் காணாமல் போயிருந்தன. உடலைக் குளிர்விக்க அதிக நீர் தேவைப்பட்ட இனங்களே அதிகம் குறைந்தன என்பது அடுத்த ஆண்டு தெரியவந்தது. இதை எடுத்துக்கொண்டு இங்கும் பாதிப் பறவைகள் அழியப்போகின்றன என்று முழங்குவது அபத்தம். நீரும் வெப்பமும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள் என்பதற்கு மேல் அதிலிருந்து நமக்கு எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

மறுப்புகளுக்கு வருவோம். இந்தப் பறவைகள் காலங்காலமாக இந்த வெயிலில்தானே வாழ்கின்றன என்பது முதலாவது. உண்மைதான், ஆனால் அவை பழகிய வெயிலில் மரமும் கண்மாயும் சேர்ந்திருந்தன. சிமென்ட் தளமும் தகரக் கூரையும் பறவைகளின் பரம்பரைச் சொத்து அல்ல. டெங்கு என்பது இரண்டாவது, இதுதான் கனமானது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து இறகு முளைத்துப் பறக்க ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும். ஆகவே தினமும் நீர் மாற்றினால் போதும் என்பார்கள். போதாது. அதன் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. நீரைக் கொட்டுவதோடு நிற்காமல் தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். பல பறவைகள் வாய்வைக்கும் கிண்ணத்தில் புறாக்களின் தொண்டைநோய் போன்றவை பரவும் என்ற மூன்றாவது மறுப்புக்கும் இந்த நாரே பதில். தேய்த்தபின் வெயிலில் காயவைத்தால் இன்னும் நல்லது. தினமும் தேய்க்க முடியாதவர்கள் கிண்ணம் வைக்காமல் இருப்பதே ஊருக்குச் செய்யும் உபகாரம்.

தோட்டத்தின் மற்றக் குடிகளும் இந்த வரிசையை ஆட்சேபிக்காது. ஓணானுக்கு வியர்வையும் இல்லை, விசிறியும் இல்லை. வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே நகர்ந்து நகர்ந்தே உடலைச் சரிக்கட்டுகிறது, ஆகவே இரண்டும் பக்கம்பக்கமாக இருக்க வேண்டும். அணில் குளிர்ந்த தரையில் வயிற்றைப் பரப்பிப் படுத்துச் சூட்டை மண்ணுக்குக் கொடுக்கிறது. நிழல் விழாத தரை அதற்கு உதவாது. கிண்ணத்தை உண்மையிலேயே தேடி வருபவை தேனீக்கள். புழுக்கள் இருக்கும் அடையை 35 டிகிரியை ஒட்டி வைத்திருக்க, நீரைக் கொண்டுவந்து மெல்லிய படலமாகப் பரப்பிச் சிறகால் விசிறுகின்றன. அவை மூழ்காமல் நின்று குடிக்கக் கிண்ணத்தில் நாலு கூழாங்கல் போதும். பூனை பதுங்க முடியாதபடி, ஆனால் கிளை நிழலுக்குள், தரையிலிருந்து சற்று உயரத்தில் கிண்ணம் இருக்கட்டும்.

நிழல் என்றால் எந்த நிழலும் அல்ல. சூடேறிய தகரம் கீழேயும் சூட்டை வீசும். இலையோ நீரை ஆவியாக்கித் தன் சூட்டைக் காற்றின் அளவுக்கு அருகிலேயே வைத்திருக்கும். இதற்குச் சான்று தேடி வெளிநாட்டு ஆய்விதழைப் புரட்ட வேண்டியதில்லை. வத்தலக்குண்டு வட்டாரத்து வெற்றிலைக் கொடிக்கால்களில் அகத்தி நிழலும் வாய்க்கால் ஈரமும் சேர்ந்து, மென்மையான கொடியைக் கோடையிலும் வாடாமல் வைத்திருக்கின்றன. வீட்டுக்கொல்லைக்கு வேம்பும் புங்கனும் பொருத்தம். பழைய இலையை உதிர்த்து, கத்திரி வெயிலுக்கு முன்பே புதுத்தழை விட்டு அடர்ந்துவிடுகின்றன. இடமில்லாத வீட்டில் தொட்டியில் ஏற்றிய ஒரு கொடிப்பந்தல். ஒரு கொல்லை மரத்தால் ஓர் இனம் பிழைத்துவிடாது. சில பறவைகளின் சில மதியங்கள் சுலபமாகும், அதற்கு மேல் உறுதி சொல்வது வியாபாரம். இதில் ஒரே சங்கடம் காலம். பங்குனியில் நட்ட கன்று சித்திரையில் நிழல் தராது, பெரும்பாலும் பிழைக்கவும் செய்யாது. ஐப்பசி மழையில் நட்டு, இரண்டு மூன்று கோடைகள் நீரூற்றிக் காப்பாற்ற வேண்டும். பேனர் கட்ட நினைப்பவர்கள் அதை ஐப்பசிக்குத் தள்ளிவைத்து, கிண்ணத்துக்குப் பதில் கன்று கொடுக்கலாம். மூன்று கோடை கழித்து எத்தனை கன்று நிற்கிறது என்று எண்ணி அதையும் படத்தோடு போடலாம்.