ஒரு மேசையில் ஆயிரம் வீடுகள்

ஓர் ஊரில் ஆயிரம் வீடுகளுக்குத் தொலைபேசியின் செப்புக் கம்பி வழியாகவே பிராட்பேண்ட் இணைய இணைப்பு தரப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லா வீடுகளுக்கும் ஒரே வேகம் கிடைக்குமா? கிடைக்காது. கம்பி நீள நீள, அதில் செல்லும் மின்சைகை வலுவிழக்கிறது. தொலைபேசி நிலையத்துக்கு அருகிலுள்ள வீட்டுக்கு விநாடிக்கு 8,000 கிலோபிட் கிடைத்தால், சில கிலோமீட்டர் தள்ளியுள்ள வீட்டுக்கு 2,000 மட்டுமே கிடைக்கலாம்.

இக்கம்பிகள் யாவும் நிலையத்திலுள்ள 'டிஸ்லாம்' என்னும் கருவியில் வந்து சேர்கின்றன. அதற்கு அப்பால், இணையத்தின் வாசலில், நுழைவாயில் கருவி ஒன்று உள்ளது. 2,000 கிலோபிட் மட்டுமே தாங்கும் கம்பிக்கு அது 8,000 அனுப்பினால் என்ன ஆகும்? விநாடிதோறும் 6,000 கிலோபிட் மிஞ்சும். டிஸ்லாம் சிறிது நேரம் அதைத் தேக்கி வைக்கும். இடம் நிரம்பியதும் தள்ளிவிடும். தள்ளப்படுவது திரைப்படத்தின் துணுக்காகவும் இருக்கலாம். மருத்துவரை அழைக்கும் குரலின் துணுக்காகவும் இருக்கலாம்!

இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. இணைப்புக் கேட்டு வீட்டிலிருந்து வரும் முதல் செய்தியிலேயே டிஸ்லாம் ஒரு 'சீட்டு' ஒட்டி அனுப்புகிறது. இது எந்தக் கம்பி, வீட்டுக்கு வரும் வேகம் எவ்வளவு, வீட்டிலிருந்து போகும் வேகம் எவ்வளவு என்பன அதில் இருக்கும். 2006இல் டி.எஸ்.எல். மன்றம் வெளியிட்ட டி.ஆர்-101 என்னும் அறிக்கை இம்முறையை விளக்குகிறது. சீட்டைப் படித்த நுழைவாயில், குரலை முதலில் விட்டு, படத்தைச் சற்றே நிறுத்தி, மொத்தத்தை 2,000க்குள் அடக்கிவிடும்.

நுழைவாயில் சீட்டைச் சரியாகப் படிக்கிறதா என்று சோதிக்க ஆயிரம் வீடுகளுக்கு எங்கே போவது? இங்கேதான் சோதனை மென்பொருள் உதவுகிறது. மேசைமேல் உள்ள ஒரே கருவி, ஆயிரம் வீடுகளைப்போலவும் டிஸ்லாமைப்போலவும் நடிக்கிறது. ஒவ்வொரு போலிக் கம்பிக்கும் உரிய பெயரையும் வேகங்களையும் பொறியாளர் குறித்துக் கொடுக்கிறார்.

ஆயிரம் கம்பிகளுக்கும் 8,000 என்றே குறித்துவிட்டால் வேலை எளிது அல்லவா? ஆனால் அது ஏமாற்றும் சோதனை. நுழைவாயில் ஒரு வீட்டுச் சீட்டை இன்னொரு வீட்டுடையதாகக் குழப்பிக்கொண்டாலும் தவறு வெளியே தெரியாது. ஆகவே ஒன்றுக்கு 2,000, அடுத்ததற்கு 3,500, மற்றொன்றுக்கு 8,000 என்று மாற்றி மாற்றிக் குறிக்க வேண்டும். சில கம்பிகளுக்குச் சீட்டே இல்லாமலும் விட்டுப் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கம்பிக்கும் உண்மையில் வந்து சேர்ந்த அளவை அளந்து ஒப்பிட வேண்டும்.

வேறுபாடுகள் நிறைந்த ஊருக்கு, வேறுபாடுகள் நிறைந்த சோதனையே பொருந்தும்.