நிழலின் நிறம் என்ன?

தரை எல்லாம் வெண்பனி. மரக்கிளைகளிலும் பனி. வீட்டுக் கூரையிலும் பனி. ஆள் நடமாட்டமே இல்லை. வேலிக் கதவின் மேல் ஒரே ஒரு பறவை உட்கார்ந்து இருக்கிறது.

இது பிரெஞ்சு ஓவியர் குளோட் மோனே தீட்டிய படம். பாரீஸ் நகரில் உள்ள ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகலம் 130 சென்டிமீட்டர். உயரம் 89 சென்டிமீட்டர்.

பறவையின் பெயர் "மாக்பை". காக்கை இனத்தைச் சேர்ந்தது. கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். படத்தின் பெயரும் அதுவே.

செல்வர் செய்த உதவி

1868-ம் ஆண்டு மோனே பணம் இன்றித் தவித்தார். ஒரு செல்வர் அவருக்கு உதவினார். அதனால், அந்தக் குளிர்காலத்தில் எத்ரெத்தா என்ற கடற்கரை ஊரில் குடும்பத்துடன் தங்கினார். அப்போது தீட்டியதே இந்தப் படம்.

நீல நிழல்

வேலிக்குப் பின்னால் இருந்து வெயில் அடிக்கிறது. வேலியின் நிழல் பனியில் நீளமாக விழுகிறது.

அந்த நிழலை உற்றுப் பாருங்கள். அது கறுப்பு அல்ல, நீலம்!

அந்தக் காலத்தில் நிழல் என்றால் கறுப்பு அல்லது பழுப்பு வண்ணம் பூசுவதே பலருக்கு வழக்கம். மோனே கண்ணால் கண்டதையே தீட்டினார்.

இதற்குக் காரணம் உண்டு. நிழல் விழும் இடத்தில் நேர் வெயில் படுவது இல்லை. ஆனால் நீல வானத்தின் ஒளி படுகிறது. பனி வெள்ளையாக இருப்பதால் அந்த நீலம் நன்றாகத் தெரிகிறது.

வானம் தெளிவாக உள்ள நாளில் ஒரு வெள்ளைத் துணியை வெயிலில் விரித்துப் பாருங்கள். அதில் விழும் நிழலிலும் நீலச் சாயல் தெரியும்.

விரலால் மறையுங்கள்

படத்தில் பறவை மிகச் சிறியது. அதை விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள். படத்தின் உயிரே போய்விடும்! அந்தக் கறுப்புப் புள்ளியால்தான் பனி மேலும் வெண்மையாகத் தெரிகிறது. அது தனியாக இருப்பதால்தான் அமைதி புரிகிறது.

உள்ளே இடம் இல்லை

பாரீசில் "சலோன்" என்ற பெரிய ஓவியக் கண்காட்சி நடந்து வந்தது. அதில் இடம் கிடைத்தால் ஓவியருக்குப் பெயர் வரும். படங்களும் விலை போகும். 1869-ம் ஆண்டு மோனே இந்தப் படத்தை அனுப்பினார். நடுவர்கள் தள்ளிவிட்டார்கள்.

மோனே தமது வழியை மாற்றிக்கொள்ளவில்லை. 1874-ல் அவரும் நண்பர்களும் தாங்களே கண்காட்சி நடத்தினார்கள். ஒரு பத்திரிகையாளர் அவர்களை "இம்ப்ரெஷனிஸ்டுகள்" என்று கேலி செய்தார். அந்தக் கேலிப் பெயரே புகழ்ப் பெயர் ஆயிற்று.

தள்ளப்பட்ட படமும் 1984-ல் ஓர்சே அருங்காட்சியகத்தின் சொத்து ஆயிற்று. நிழல் நீலம் என்று கண்டவரின் கண் பொய் சொல்லவில்லை!