செயின்சோ இரவல் வாங்குமுன் பிரேக்கைப் பாருங்கள்

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கண்டி மாவட்டத்தைத் தாக்கியபின், வீடு வளவு இழந்த குடும்பங்கள் பலவும் விழுந்த மரங்களை அறுத்துக் கூலி தேட வேண்டியதாயிற்று. குண்டசாலைப் பகுதியில் இவ்வேலைக்குப் போகும் பலரிடம் சொந்த வாள் இல்லை. நாள்வாடகைக்கோ இரவலாகவோ வாங்குகிறார்கள். அப்படிக் கைமாறி வரும் செயின்சோவில், முன்கைப்பிடிக்கு முன்னால் நிற்க வேண்டிய தகடு உடைந்து போயிருக்கும். இடைஞ்சல் என்று அதைக் கழற்றி எறிந்தவர்களும் உண்டு!

அந்தத் தகடுதான் பிரேக். வாள் அலகின் நுனியில் மேற்பாதி ஏதேனும் மறைந்த கிளையில் பட்டால், சங்கிலி இறுகி, வாள் முழுவதும் எகிறி அறுப்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி வரும். சங்கிலியோ செக்கனுக்கு ஏறக்குறைய 20 மீற்றர் ஓடுவது. விலக நேரம் கிடையாது. எகிறும்போது இடக்கை அத்தகட்டில் மோதித் தள்ள, உள்ளேயுள்ள உலோகப் பட்டி இறுகிச் சங்கிலியை நிறுத்துகிறது. பிந்திய வாள்களில் எகிறும் வேகத்தினாலேயே பிரேக் விழும்.

ஆகவே வாங்குமுன் சோதியுங்கள். தகட்டை முன்னே தள்ளிப் பிரேக்கைப் போட்டு, வாளைத் தரையில் வைத்து, வலது பாதத்தால் பின்கைப்பிடியை மிதித்துக்கொண்டு கிளப்புங்கள். பின் இரு கைகளாலும் பிடித்து, பிரேக்கை எடுத்துச் சங்கிலியை ஓடவிட்டு, பிடியை விடாமல் இடது மணிக்கட்டால் தகட்டைத் தள்ளுங்கள். உடனே நிற்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள். ஒருநாள் கூலி போகும் என்பதை நாம் அறிவோம். காணி போன வீட்டுக்கு உழைக்கும் கையும் போனால் என்ன செய்வது?

அறுக்கும்போது இடது பெருவிரல் கைப்பிடியைச் சுற்றியிருக்கட்டும். வாளைத் தோளுக்கு மேல் உயர்த்தலாகாது.

சாய்ந்து கிடக்கும் மரம் நிற்கும் மரத்தைவிடப் பொல்லாதது. இரு முனையும் ஊன்றி நடு தொங்கும் தண்டில் மேற்பக்கம் நெரிபட்டும் கீழ்ப்பக்கம் இழுபட்டும் இருக்கும். மேலே சிறிது அறுத்துவிட்டு, கீழிருந்து மெல்ல முடிக்க வேண்டும். ஒரு முனை அந்தரத்தில் நின்றால் இது தலைகீழ். சரிவில் கட்டை உருளும், மேற்பக்கமே நில்லுங்கள். வேரோடு பெயர்ந்த மரத்தின் தண்டு அறுபட்டதும் வேர்க்கட்டு திரும்பவும் குழிக்குள் சாயலாம். அந்தப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள்.

வெட்டுப்பட்டால் கோப்பித்தூள் அப்ப வேண்டாம். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் கட்டணம் இல்லை.