யன்னலுக்கு ஒரு கொளுவுநாடா

மாரிமழை பெய்து ஓய்ந்ததும் எங்கள் ஒழுங்கைகளில் வேலியோரமெங்கும் நாயுருவி தழைத்து நிற்கும். அவ்வழியே வரும் பிள்ளைகளின் சட்டையிலும், பெரியோரின் வேட்டிக்கரையிலும் அதன் காய்கள் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்துவிடும். நாமும் சலிப்புடன் அவற்றைப் பிடுங்கியெறிவோம். அது ஏன் ஒட்டுகின்றது என்று எம்முள் எத்தனை பேர் ஆராய்ந்தோம்?

சுவிற்சர்லாந்து நாட்டில் ஒருவர் ஆராய்ந்தார். ஜோர்ஜ் டி மெஸ்ட்ரல் என்னும் எந்திரவியலாளர் 1941ஆம் ஆண்டில் தம் நாயுடன் மலைப்புறத்தில் உலாவி மீண்டபோது, நாயின் உரோமத்திலும் தம் உடையிலும் ஒருவகைச் செடியின் காய்கள் பற்றியிருக்கக் கண்டார். நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தபொழுது, அக்காயின் முட்கள் நுனியிற் கொக்கிபோல் வளைந்திருந்தன. அம்முறையை நைலோன் இழையில் அமைத்தற்குப் பல்லாண்டு முயன்று, 1955இல் காப்புரிமை பெற்றார். ஒரு நாடாவிற் சிறு கொக்கிகள். மற்றதிற் சிறு கண்ணிகள். ஒன்றன்மேலொன்றை அழுத்தினாற் பற்றும். ஓரத்தைப் பிடித்து உரித்தாற் பிரியும். வெல்குரோ என்னும் அதன் வணிகப்பெயர் வெல்வெட்டுத் துணியையும் கொக்கியையும் குறிக்கும் பிரெஞ்சுச் சொற்களின் சேர்க்கையாம். அப்பலோ விண்கலங்களிலே பொருள்கள் மிதந்து போகாவண்ணம் பிடித்து வைத்ததும் இதுவே.

விண்வெளி நிற்க, நம் வீட்டு யன்னலுக்கு வருவோம். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1,80,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். 400 பேருக்கு மேல் மாண்டனர். யாழ்ப்பாணத்தில் வாடைக்காற்றுடன் மழை தொடங்கும் காலமே இந்நோய் பெருகுங் காலம். இதனைப் பரப்பும் நுளம்பு பகலிலே கடிப்பது. ஆதலின் இரவிற் கட்டிலின்மேற் கட்டும் வலை மட்டும் போதாது. யன்னலுக்கும் வலை வேண்டும்.

எம் இல்லத்திலும் முன்பு யன்னல்களுக்கு வலையை ஆணியால் அறைந்திருந்தோம். மழை வந்ததும் வெளிப்புறமாகத் திறந்திருக்கும் கதவை இழுத்துச் சாத்த வழியில்லை. கை நுழைவதற்கென ஒரு மூலை கிழிக்கப்பட்டது. அம்மூலை நாளடைவில் வாசலாயிற்று. ஆணிகள் கறல் பிடித்தன. வலையைக் கழற்றிக் கழுவவும் இயலவில்லை. அம்மாரியிலேயே எம் பிள்ளையொருவன் டெங்குக் காய்ச்சலால் வைத்தியசாலையிற் கிடந்தான். அக்கிழிசல்தான் காரணமென்று எவராற் கூறமுடியும்? எனினும் அதைக் காணுந்தோறும் எம் மனம் உறுத்தியது. அவன் தேறி வந்தபின் கொளுவுநாடாவைக் கையாளத் தொடங்கினோம்.

முறை எளிது. கொக்கி நாடாவை மரச்சட்டத்தில் நாற்புறமும் இடைவெளியின்றி ஒட்டுக. கண்ணி நாடாவை வலையின் ஓரத்தில் தைத்துக்கொள்க. மெல்லிய பக்கம் வலையிலிருப்பின் கழுவும்போது இழை சிக்காது. ஒட்டுமுன் சட்டத்தைத் துடைத்து நன்கு உலர்த்துதல் வேண்டும். சுண்ணாம்பு பூசிய சுவரில் ஒட்டவே கூடாது. சுண்ணாம்பு உதிரும்போது நாடாவும் உடன் வரும். ஒட்டியபின் ஒருநாள் கழித்தே வலையைப் பொருத்துக. கொக்கிகளிற் தும்பு அடைத்தாற் பழைய பற்தூரிகையால் நீக்குக.

இந்நாடா பக்கவாட்டு இழுப்பைத் தாங்கும். ஓரத்திலிருந்து உரிப்பதைத் தாங்காது. அன்றியும், கோடை வெப்பத்திற் பின்புறப் பசை இளகும். ஆதலின் கண்ணாடிச் சட்டமிட்ட படங்களையும் கடிகாரத்தையும் இதனை நம்பித் தொங்கவிடுதல் தகாது. மேசைவிரிப்பு, திரைச்சீலை, மின்வடக் கட்டு முதலியவற்றுக்கு இது நன்கு உதவும்.

வலை கட்டிவிட்டோமென்று வாளாவிருத்தலும் ஆகாது. முற்றத்துச் சிரட்டையிலும் பூச்சாடித் தட்டிலும் நிற்கும் நீரை வாரந்தோறும் ஊற்றிவிட்டு, பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். இந்நுளம்பின் முட்டைகள் நீர் வற்றினும் பல மாதம் உயிரோடிருக்கும்.

இப்போது மழை தூறினால், எம் வீட்டில் வலையின் ஒரு மூலை உரியும். ஒரு கை வெளியே சென்று கதவைச் சாத்தும். மூலை மீண்டும் ஒட்டும். கிழிக்க வேண்டிய தேவை இல்லாதொழிந்தது. அதுவே எமக்கு இந்நாடா செய்த பேருதவி.